அம்மாவின் முறை

அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரமான விரிப்பைப் பாதி உருவியிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. மகளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். புது விரிப்பைச் செருகி, அம்மாவைத் திருப்பிவிட்டு, நைட்டியை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

புதன்கிழமை ஜெபக்குழு. ஓய்வுபெற்ற நர்ஸ், தையல்காரர், குழாய் ரிப்பேர் செய்பவர்.

"நீ போய்க் கொஞ்சம் படும்மா. அக்காவ நாங்க பாத்துக்கறோம்" என்றார் நர்ஸ்.

"பரவால்ல ஆன்ட்டி. நானும் உக்காந்துக்கறேன்."

நல்லவர்கள்தான். அதுதான் தொல்லை, வாய்விட்டுத் திட்டவும் முடியாது. அம்மா இவர்களோடு சேர்ந்து யார் யார் வீட்டிலோ படுக்கையில் கிடந்தவர்களுக்கு நகம் வெட்டினாள், தலை குளிப்பாட்டினாள், பிள்ளை பெற்றவர்களின் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். மகள் பிள்ளை பெற்றபோதும் ஒரு புதன்கிழமை குறுக்கே வந்தது. "இதோ வந்துடறேன்" என்று போனவள் இருட்டிய பிறகுதான் வந்தாள். ஊருக்கெல்லாம் அம்மா, பெற்ற பெண்ணுக்கு மிச்சம் மீதி.

படுக்கையில் விழுந்த பிறகாவது முழுசாகக் கிடைப்பாள் என்று நினைத்தாள். கிடைத்ததெல்லாம் மருந்தும் மலஜலமும்தான். மற்ற நேரமெல்லாம் யாராவது பழத்தோடு வந்து நின்றார்கள். ஒருமுறையாவது கதவைச் சாத்திக்கொண்டு அம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. காலையில் வந்த டாக்டரோ, "இன்னிக்கோ நாளைக்கோதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கட்டிலைச் சுற்றிக் கைகோத்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரின் கையை அழுத்துவார். அடுத்த முறை அவருடையது. முடியாதவர்கள் மனசுக்குள் ஜெபித்துவிட்டு அடுத்த கையை அழுத்தலாம். எவ்வளவு நேரமானாலும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், கண்ணையும் திறக்க மாட்டார்கள். அம்மாவின் ஒரு கை நர்ஸிடம், இன்னொன்று மகளிடம். மகளின் மறுகை தையல்காரரிடம் இருந்தது.

குழாய்க்காரர் ஆரம்பித்தார். "அக்கா ஒடம்புல இருக்கற அடைப்பெல்லாம் எடுத்து விடுங்க ஆண்டவரே..." வேறு நாளாக இருந்தால் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

அவர் முடித்து நர்ஸின் கையை அழுத்தினார். நர்ஸ் உருகி உருகி ஜெபித்தார். "இந்தப் படுக்கைய விட்டு எழும்பி நடக்க வைங்க அப்பா. இன்னும் எத்தன வீட்டுக்குப் போகணும் அவங்க..."

அப்போதுதான் அம்மா கண்ணைத் திறந்தாள். மற்ற யாரையும் பார்க்கவில்லை. மகளை மட்டும் பார்த்தாள். மூச்சு ஒன்று போயிற்று. வெகு நேரம் கழித்து இன்னொன்று. அதற்கப்புறம் இல்லை. எத்தனையோ பேருக்கு நாடி பார்த்த நர்ஸின் கைக்குத் தெரியவில்லை, ஜெபம் நடந்துகொண்டே இருந்தது.

மகள் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அழுவார்கள், பாடுவார்கள், வீடு நிறைந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள்.

நர்ஸ் முடித்து, அம்மாவின் கையை மெதுவாக அழுத்தினார்.

அறை அமைதியானது. எல்லோரும் தலைகுனிந்து, கண்மூடி, அம்மாவுக்காகக் காத்திருந்தார்கள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. குழாய்க்காரர் இருமலை விழுங்கினார்.

தையல்காரர் கண்ணைத் திறக்காமலேயே கிசுகிசுத்தார். "அக்கா இன்னும் ஜெபிக்கறாங்களாம்மா?"

"ஆமா அங்கிள். இருங்க."

தலைகள் இன்னும் தாழ்ந்தன. அவள் தையல்காரரிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு, அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள். கடைவாயைத் துடைத்தாள். இமைகளை மூடினாள். அவசரமே இல்லாமல் கன்னத்தை அம்மாவின் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். சூடு இன்னும் இருந்தது.

புது விரிப்பின் மேல் தையல்காரரின் கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி, அழுத்தலுக்காகக் காத்திருந்தது.