புல் இருந்த இடம்

"வளைங்க மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் வளைங்க."

ஜன்னலுக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது. மருமகன் கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தார். "இதுக்கு மேல வளைஞ்சா பாதை திரும்பி வீட்டுக்குள்ளயே வந்துடும் அத்தை."

"வரட்டுமே. நேரா போட்டா விறுவிறுன்னு கேட்டுக்குப் போயிடுவீங்க. அப்புறம் செடியை யார் பார்க்கறது?"

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. நூல் பிடித்தாற்போல் இல்லாத எதுவும் அவருக்கு ஆகாது. இருந்தாலும், போட்ட கல்லைப் பெயர்த்து ஒரு சாண் தள்ளி வைத்தார். மாமியாரிடம் வாதாடி ஜெயித்ததாக அந்த வீட்டில் சரித்திரமே இல்லை.

மகள் வீட்டோடு வந்து சேர்ந்த வருஷமே அந்த அம்மாள் வாசல் முழுக்கப் புல் வளர்த்துவிட்டாள். குந்தி உட்கார்ந்து களையெடுப்பாள். வீட்டுக்காரரான மருமகனே ஓரமாகத்தான் நடக்க வேண்டும். தப்பித்தவறி ஒரு கால் உள்ளே பட்டால், "மாப்பிள்ளைக்கு வழி தெரியலை போலிருக்கு" என்று மகளிடம் சொல்வது அவர் காதில் விழும்.

மழை இரண்டு வருஷம் ஏமாற்றியது. குடிக்கிற தண்ணீரே முறை வைத்து வந்தபோது, தோட்டத்துக்குக் குழாய் திறக்கக் கூடாது என்றார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குவளை குவளையாகச் சுமந்து ஊற்றிப் பார்த்தாள் மாமியார். புல் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கையால் இழுத்தால் பழைய கோணி மாதிரி உரிந்து வந்தது. அதற்குள் அவளுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னாள். வெளியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்ததைச் செத்துடுச்சுன்னு ஒத்துக்கணும். எடுத்துடுங்க மாப்பிள்ளை. தண்ணி கேட்காத தோட்டமா ஒண்ணு போடலாம்."

நடுவில் கல் பாதை, இருபுறமும் சரளை, அரளி, கற்றாழை, மூலையில் நிழலுக்கு ஒரு வேம்பு. எல்லாம் அவள் சொன்னதுதான். அவர் லீவு போட்டுவிட்டு இறங்கினார்.

மத்தியானம் அவள் கேட்ட வளைவு முடிந்தது. மண்வெட்டியை நிழலில் சாய்த்து வைத்தார். "இப்போ சரியா அத்தை?"

பதில் இல்லை. குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை போலும் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இன்னும் இரண்டு கல் போட்டார். பிறகுதான் உறைத்தது. அப்படிச் சும்மா இருக்கிறவள் இல்லையே.

உள்ளே போனபோது முகம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது. கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் நின்றது. எடுத்துவிடக் கையை நீட்டியவர், விரலெல்லாம் மண்ணாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கழுவ ஓடினார். அவசரம் அவசரமாகச் சோப்புப் போட்டார். பாதியில் கை தானாக நின்றது. அதற்கப்புறம் நிதானமாகவே கழுவினார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். போனை எடுத்ததும் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"கிளம்பி வா."

"அம்மாவா?"

"ம்."

இரைச்சலுக்கு நடுவே நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

மறுநாள் வந்தவர்களெல்லாம் கொத்திப்போட்ட மண்ணில் செருப்புப் புதைய நடந்து வந்தார்கள். "இந்த நேரத்துலயா இதையெல்லாம் இழுத்து விட்டுக்கிட்டீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். மருமகன் வழியில் கிடந்த கடப்பாரையை எடுத்து ஓரமாகப் போட்டார்.

எல்லாம் முடிந்து, உறவுக்காரர்களும் கிளம்பிய பிறகு, மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கதானே கூட இருந்தீங்க. கடைசியா என்ன சொன்னாங்க?"

உன்னைத்தான் கேட்டாங்க என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். விழுங்கிக்கொண்டார்.

"மண்வெட்டியை வெயில்ல போடாதீங்க, பிடி சுடும்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து பாதியில் உடைந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அருகில் போய் நின்றார். தொடலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

அடுத்த நாள் காலையில் அவர் வெளியே போனார். கேட்டுக்குப் பக்கத்தில், இருப்பதிலேயே பெரிய கல் போடாமல் கிடந்தது. குனிந்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். நினைத்த கனம் இல்லை. பார்த்தால், மறுமுனையை மனைவி பிடித்திருந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு.

"எங்கே?"

அவர் கண்ணால் காட்டினார். கல் சாயாமல், இருவரும் பக்கவாட்டில் சின்னச் சின்ன எட்டாக வைத்து நகர்ந்தார்கள்.