மூன்று ஓலை இருமல்

கோயிலில் ஓலை வாசிக்கும் ஞாயிறுகளில் ஆரோக்கியமேரிக்கு இன்றும் தொண்டை கமறும். நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் சாமியார் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, அவள் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் நினைப்பெல்லாம் 1926-ஆம் வருஷத்துத் தை மாசத்தில் இருக்கும்.

ஓலை என்றால் வேறொன்றுமில்லை. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரை ஊரறிய வாசிப்பார். இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்பார். பிறகு ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். மூன்று தடவையும் யாரும் வாய் திறக்காவிட்டால் கலியாணம் உறுதி. ஆரோக்கியமேரியின் முதல் ஓலையில் அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் இருமல் வந்தது. சும்மா ஒன்றிரண்டு செருமல் இல்லை. குனிந்து, கண்ணில் நீர் வந்து, முன்னால் இருந்த பெண்கள் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படியான இருமல். தடை சொல்வதற்கு ஆள் வேண்டாம், பெண்ணின் நெஞ்சே சொல்கிறது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அப்படிப்பட்ட நாக்குகளை ஆண்டவர் ஏன்தான் படைத்தாரோ!

இருமல் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. வியாழக்கிழமை மூக்கு ஒழுகியது, வெள்ளிக்கிழமை தொண்டை கட்டியது, ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் இறங்கிவிட்டது. கூடவே ஜுரமும் உடம்பு வலியும். அவளுக்கு ஏழு வயதிலேயே அம்மா போய்விட்டாள். அப்பா தேவசகாயம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் பட்டைக் குழிக்கு மேஸ்திரி. ஆவாரம்பட்டை ஊறும் சிவந்த தண்ணீரில் தோல்களைப் புரட்டிப் புரட்டி அவர் கையும் வேட்டியும் தலைத்துண்டும் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தன. எந்தத் தோலுக்கு எத்தனை நாள் ஊறல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். பெண்ணுக்கு இருமல் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் தெரியாது. அந்த மனுஷன் ஜன்னலையும் கதவையும் அடைத்து, ஒரு சட்டியில் தணலைப் போட்டு, சாம்பிராணியோடு காய்ந்த ஆவாரம்பட்டையையும் தூவிப் புகை போட்டார். பட்டை தோலை அழுகாமல் காக்கிறதே, நெஞ்சைக் காக்காதா என்பது அவர் கணக்கு. ஆரோக்கியமேரி அன்று இருமிய இருமலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூடப் பரணில் ஏறிவிட்டன.

செவ்வாய்க்கிழமை அவர் தர்ம ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ராமமூர்த்தியைக் கையோடு கூட்டிவந்தார். வாசலில் கால் வைத்ததுமே கம்பவுண்டருக்கும் இருமல் வந்துவிட்டது.

"இன்னாய்யா மேஸ்திரி, பொண்ணைப் பதம் போட்றியா? மொதல்ல சட்டியத் தூக்கி வெளிய போடு. ஜன்னலைத் தொற."

முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இழுத்து மூச்சு விடச் சொன்னார். தேவசகாயம் சுவரோரம் நின்றபடி கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"அந்த நோய் இல்லியே சாமி?"

"க்ஷயமா? அதெல்லாம் இல்ல. ஜலதோஷம் நெஞ்சுக் குழாய்ல எறங்கி இருக்குது. ஜுரம் நாலஞ்சு நாள்ல போய்டும். இருமல்தான் லேசுல போவாது. மூணு வாரம் இழுக்கும். அதுக்கு நான் குடுக்கற மருந்து ஒண்ணும் இல்ல, பொறுமைதான். வெந்நீர் ஜாஸ்தியா குடிக்கட்டும். தேன் ஒரு கரண்டி. தலையத் தூக்கி வெச்சிப் படுக்கட்டும். அடுப்புப் புகையண்ட, சுண்ணாம்புக் குழியண்ட வுடாத."

"சளி மஞ்சளா வருதே?"

"வரட்டும். அதுக்கெல்லாம் பயப்படாத. ரத்தம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ, வெலாவுல குத்தினாலோ, வுட்ட ஜுரம் மறுபடி வந்தாலோ அப்ப ஓடி வா. ஒண்ணு சொல்றேன் கேளும்மா, இருமும்போது துணியால வாயப் பொத்திக்கோ. இது ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குத் தொத்திக்கும்."

அந்த நாட்களை நினைத்தால் ஆரோக்கியமேரிக்கு நெஞ்சு இளகும். நோயை நினைத்து ஏங்குவார்களா என்று கேட்டால், அவள் ஏங்கத்தான் செய்கிறாள். அப்பா மத்தியானம் ஷாப்பிலிருந்து ஓடிவருவார். ஆவி பிடிக்கும் வெந்நீர்ப் பானையை மடியில் கவிழ்த்துக்கொள்ளப் போகிறாளே என்று தரையில் வைத்து, அவளை எட்டி உட்காரச் சொல்வார். நொச்சித் தழையைக் கிள்ளிப் போட்டுக் கம்பளியால் மூடிவிட்டு, வெளியில் உட்கார்ந்து, "சுடுதா? சுட்டா சொல்லு" என்று நொடிக்கொரு தரம் கேட்பார். வைக்கோல் அடைத்த கோணியைத் தட்டித் தட்டித் தலைக்கு உயரம் பண்ணுவார். அத்தனை பெரிய மேஸ்திரி கரண்டியில் தேனை ஏந்திக்கொண்டு சொட்டாமல் நடந்து வருவதைப் பார்க்கச் சிரிப்பாக வரும். சிரித்தால் இருமல் வரும்.

இரண்டாம் ஓலைக்குள் ஜுரம் விட்டது. கம்பவுண்டர் சொன்னபடி இருமல் மட்டும் தங்கியது. அந்த ஓலைக்கு மறுநாள் திங்கட்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் அம்மா சவுரியம்மாள் வந்து நின்றாள். அவளுக்குக் காவேரிப்பாக்கம். ஏரிப் பாசனத்து நெல்லும் வயலும் தெரியும். தோல் ஷாப்பு எந்தப் பக்கம் என்று கூடத் தெரியாது. மகன் ராயப்பன் மட்டும் வாணியம்பாடி ஷாப்பு ஒன்றில் தோல் சீவும் வேலையில் இருந்தான். வாலாஜா ரோட்டில் ரயிலேறி, பூவும் பழமுமாக வந்த மனுஷி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருமல் கேட்டது. ஆரோக்கியமேரி கைக்குக் கிடைத்த துணியால் வாயைப் பொத்தியிருந்தாள். கிடைத்தது அப்பா குழியிலிருந்து அப்போதுதான் கொண்டுவந்து போட்ட ஈரத் துண்டு. புதிதாக எடுத்த வெள்ளைத் துண்டில் சிவப்பாகத் திட்டுத் திட்டாகக் கறை.

சவுரியம்மாள் பழத்தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ரத்தமா?"

"ஐயோ, இல்லீங்க சம்மந்தி. பட்டைத் தண்ணிங்க. எங்க வூட்ல எல்லாத் துணியும் இப்டித்தாங்க இருக்கும்" என்று தேவசகாயம் தன் வேட்டியையே தூக்கிக் காட்டினார்.

"எம் பெரிய பொண்ணுக்கும் இப்டித்தான் ஒரு துண்டு. வெத்தல எச்சின்னு சொன்னாங்க. நானும் நம்பினேன். ஆறு மாசத்துல மண்ணுக்குக் குடுத்தேன்."

ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. படியிறங்கும்போது திரும்பிச் சொன்னாள்.

"மூணாவது ஓலைல நானே எழுந்து சொல்லிட்றேன். மனசுல வெச்சிக்காதீங்க. இருக்கறது ஒரே புள்ள."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அழுதுகொண்டல்லவா சொன்னாள்! கோயிலில் மாப்பிள்ளையின் தாயே எழுந்து நோய் என்று சொல்லிவிட்டால், வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு ஓலை வாசிக்க வழியில்லை. அது அப்பாவுக்கும் தெரியும், பெண்ணுக்கும் தெரியும்.

மறுநாளே ராயப்பன் வந்துவிட்டான். ஓலை வாசிக்கத் தொடங்கிய பிறகு மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. அதைக் காற்றில் விட்டான். தாய் வாணியம்பாடிக்கே போய் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். உள்ளே வந்தவன் யாரையும் விசாரிக்கவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தான்.

"பட்டைதான். இந்த நாத்தத்துலதான நான் தெனம் சோறு துன்றேன்" என்று சிரித்தான்.

"உங்க அம்மாவாண்ட சொல்லுங்க" என்றாள் அவள்.

"சொன்னா, உங்கிட்ட மயங்கிப் பேசறேன்னுது. பேஜாராப் போச்சி. நீ மட்டும் சீக்கிரம் சரியாய்டு."

பேசிக்கொண்டே பானைக்குத் தழை கிள்ளிப் போட்டான். கம்பளியை மூடிவிட்டு, அதன் ஓரத்தைத் தூக்கி, "உள்ள இருக்கியா, கரைஞ்சி போய்ட்டியா?" என்று தலையை நுழைத்தான். கம்பவுண்டர் சொன்னதை மறந்து, வாய்க்குத் துணி வைக்காமல் அவள் அவன் முகத்திலேயே இருமிவிட்டாள். அவன் துடைத்துக்கொள்ளக் கூட இல்லை. அந்த முகத்தை அவள் இன்று வரைக்கும் மறக்கவில்லை. நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது, அது மட்டும் போவதில்லை.

மூன்றாம் ஞாயிறு. கோயில் நிரம்பியிருந்தது. ஆரோக்கியமேரிக்கு இருமல் நாளுக்கு நாலைந்து தடவைதான் வந்தது; முகம் தெளிந்து சதை பிடித்திருந்தது. ஆனாலும் காலையிலிருந்து வெந்நீராகக் குடித்துத் தொண்டையைக் காவல் காத்தாள். பெண்கள் பக்கத்தில், நான்கு வரிசைக்கு முன்னால் சவுரியம்மாள் முட்டிபோட்டிருந்தாள். ஆண்கள் பக்கத்தில் ராயப்பன். சாமியார் பெயர்களை வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். நிறுத்தினார்.

சவுரியம்மாள் எழுந்து நின்றாள்.

தேவசகாயம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆரோக்கியமேரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அப்போதுதான் ஆண்கள் பக்கத்திலிருந்து கேட்டது. குனிந்து, மூச்சுப் பிடித்து, அடக்க அடக்க மீறி வரும் இருமல். ராயப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினான். முகம் சிவந்து, மூக்கு ஒழுகியிருந்தது. வெள்ளிக்கிழமை வந்த ஜலதோஷம் நெஞ்சில் இறங்கிவிட்டதை அம்மாவிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறான்.

சவுரியம்மாள் மகனைப் பார்த்தாள். பிறகு திரும்பி, தெளிந்த முகத்தோடு நின்ற பெண்ணைப் பார்த்தாள். மகனுக்கும் அதே இருமல்; இருமிய பெண்ணோ தேறி நிற்கிறாள். அந்தப் பார்வையில் எத்தனை கணக்குப் போட்டாளோ!

"இன்னாம்மா?" என்றார் சாமியார்.

"ஒண்ணும் இல்ல சாமி. புள்ளைக்கு இருமுது. வெளிய காத்தாட இட்டுக்கினு போறேன்."

சாமியார் காகிதத்தை மடித்தார். ஓலை முடிந்தது.

பூசை விட்டதும் வேப்பமரத்தடியில் ராயப்பன் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தான். சவுரியம்மாள் அவனைத் தாண்டி நேரே ஆரோக்கியமேரியிடம் வந்தாள்.

"இவனுக்கு இன்னா பண்ணணும், சொல்லு."

ஆரோக்கியமேரி சொன்னாள். வெந்நீர், தேன், தலைக்கு உயரம், பானையைத் தரையில் வைக்க வேண்டும், புகை ஆகாது, மூன்று வாரம் பொறுக்க வேண்டும். எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சவுரியம்மாள் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஐந்தாவது விரலில் நின்றுவிட்டாள்.

"எம் பொண்ணு இருமினப்ப, எப்ப ஓடணும்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரலியேம்மா."

ஆரோக்கியமேரிக்கு இருமல் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பி முந்தானையால் பொத்திக்கொண்டு இருமினாள். அது நிற்கிறவரை சவுரியம்மாள் அவள் முதுகை நீவிக்கொண்டே இருந்தாள்.