தூர்டிஸின் ஆடும் பல்

பெர்கன் நகரத்தில் ஐவின் ஹெல்லேயின் மகள் தூர்டிஸுக்கு முன்பல் ஆடத் தொடங்கி இருபத்தாறு வருடமாகிறது. பல் இன்னும் விழவில்லை. அவளுக்கும் ஏழு வயது தாண்டவில்லை.

காரணம் தெருவுக்கே தெரியும். ஐவின் பொருளாதார நிபுணர், பாரிஸில் ஒரு பெரிய உலக அமைப்பில் வேலை பார்த்தவர். மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஓர் ஏழை நாட்டில் உட்கார்ந்துகொண்டு, ரொட்டி விலையை ஏற்றினால் என்ன ஆகும் என்று கணித்துச் சொல்வார். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கணித்தாலும், ஒன்றை மட்டும் மாற்றிவைத்து, ‘மற்றவை எல்லாம் மாறாமல் இருந்தால்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் மேலே எழுதுவார்கள், உலைக்கு உப்புப் போடுவதுபோல. அந்த வரியை இவரளவுக்கு மனதார நம்பி எழுதியவர் கிடையாது. அவர் போய்வந்த நாடுகளில் எதுவும் மாறாமல் இருக்கவில்லை. விலை ஏறியது, கடைகள் எரிந்தன, ஆண்கள் ஊரைவிட்டுப் போனார்கள், மழைகூடப் பருவம் தப்பியது. அந்த வரிக்குக் கட்டுப்பட்டு மாறாமல் இருந்தது அவர் வீடு மட்டும்தான். ஜன்னலோரச் செடியில் மொட்டு மொட்டாகவே நின்றது. மனைவி ரான்ஹில்லுக்கு ஒரு நரை விழவில்லை. என்ன க்ரீம் பூசுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் கொஞ்ச நாள் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். தூர்டிஸ் வருடா வருடம் இரண்டாம் வகுப்புக்கே போனாள். அவளோடு படித்தவள் ஒருத்தி அந்த வகுப்புக்கே டீச்சராக வந்து, அவளுக்கு ஷூ நாடா கட்டிவிட்டாள். விழுந்த பல்லைத் தம்ளர் தண்ணீரில் போட்டால் விடிவதற்குள் பல்தேவதை காசு வைத்துவிட்டுப் போகும் என்பது அங்கே பிள்ளைகள் எல்லோரும் அறிந்தது. தூர்டிஸின் கட்டிலருகில் தம்ளர் தயாராக இருந்தது. அதில் தண்ணீரும் வற்றவில்லை.

“நாடு நாடா போயி புத்தி சொல்ற. பெத்த புள்ளைக்கு ஒரு பல்லு விழ வைக்க முடியல உன்னால,” என்றாள் ரான்ஹில். “அந்த வரி இல்லாம ஒரே ஒரு அறிக்கை எழுதேன். இவ வளரட்டும்.”

எழுதினார். பாரிஸில் உட்கார்ந்து, மாறக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்து எழுத எழுத, வீட்டிலிருந்து போன் வந்தது. மொட்டு விரிகிறதாம். பல் நூலில் தொங்குகிறதாம். தூர்டிஸே பேசினாள்: “அப்பா, லேசா ரத்தம் வருது. உப்புக் கரிக்குது.” ஐவின் போனை வைத்துவிட்டு அழுதார்.

அவருடைய மேலதிகாரி கோதலீவ், பெல்ஜியத்துக்காரி, அறிக்கையை முழுக்கப் படித்தாள்.

“மழை, சண்டை, மாமியார் கோபம், எல்லாம் சேத்துட்டீங்க ஐவின். சரி. விலைய ஏத்தலாமா, வேண்டாமா?”

தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு சொல் அவருக்குப் பழக்கமில்லை. முதல் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்து, ஏற்றலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீடு வந்து சேர்ந்தபோது மொட்டு மூடியிருந்தது. பல் பழையபடி ஆடிக்கொண்டிருந்தது. ரான்ஹில் மீன் சூப்பை எடுத்துவைத்தாள்.

ஓய்வு பெற்றும் ஒன்றும் விடியவில்லை. அவர் மட்டும் கிழவரானார். மே மாதத் தேசிய நாள் ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போகும் தூர்டிஸுக்குத் தாத்தாவா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று தலையாட்டப் பழகிக்கொண்டார். “எல்லாம் நின்னாலும் ஏதாவது ஒண்ணு மாறணும்னு நீதான சொல்லுவ,” என்றாள் ரான்ஹில். “அது நீதான் போல.”

போன குளிர்காலத்தில், காய்ந்த ரொட்டியைக் கடித்தபோது அவருடைய பல் ஒன்று கையோடு வந்தது. தூர்டிஸ் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குத் தருகிறாயா என்று கேட்டு வாங்கித் தம்ளரில் போட்டாள். விடிந்தபோது தண்ணீருக்கடியில் ஒரு குரோனர் காசு கிடந்தது. அவள் காசைத் துடைத்து வைத்துக்கொண்டு அவர் மடியில் ஏறினாள்.

“இன்னும் எத்தன இருக்குப்பா?”

ஐவின் அவள் எண்ணுவதற்கு வசதியாக வாயைத் திறந்து காட்டினார்.