ஊறுகாய்ப் போத்தல்

மின்புலம் என்றால் என்னவென்று எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு விளங்கவில்லை. ஏற்றம் பெற்ற பொருளைச் சுற்றி ஒரு பகுதி இருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது, அதற்குள் இன்னொரு ஏற்றத்தைக் கொண்டுபோனால் அதில் விசை தாக்கும் என்று ரீச்சர் சொல்ல, எல்லாரும் முகட்டைப் பார்த்தார்கள். எனக்கு ஒருதரத்திலேயே விளங்கிவிட்டது. உப்புவெளிப் பக்கம் ஆமிக்காரரின் சோதனைச் சாவடியான சென்றி கண்ணில் படுவதற்கு முன்பே சைக்கிளில் வருகிறவன் இறங்கிவிடுவான். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுவான். கதையை நிறுத்துவான். ஒருத்தரும் அவனைத் தொட்டிருக்கமாட்டார்கள். இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஆனால் அதை வகுப்பில் எழும்பிச் சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. அது தொண்ணூற்றேழாம் ஆண்டு.

உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படித்த எங்களுக்கு ஒரு மின்காட்டி தேவைப்பட்டது. ஒரு பொருளில் மின்னேற்றம் இருக்கிறதா என்று, உள்ளே தொங்கும் மெல்லிய உலோக இலை விரிந்து காட்டுகிற சின்னக் கருவி அது. பாடசாலையில் இருந்ததன் இலை எப்போதோ கிழிந்துபோயிற்று. கிண்ணியாவிலிருந்து வரும் அசனா தானே ஒன்று செய்து கொண்டுவந்தாள். படகில் ஈரக்காற்றுப் பட்டு அதன் இலை கடைசிவரை அசையவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். என்னுடையது அசையும், வெள்ளிக்கிழமை கொண்டுவந்து காட்டுகிறேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். எனக்கிருந்த வாய்க்கு வங்காளத்தைத் தாண்டியும் போயிருக்கலாம்.

சொன்னபடி செய்தும் முடித்தேன். ஒரு மாங்காய் ஊறுகாய்ப் போத்தல். வாய்க்கு மெழுகுதிரியை உருக்கி அடைப்பு. அதன் நடுவே ஒரு செப்புக்கம்பி. கம்பியின் மேல்முனையில் வெள்ளித்தாள் உருண்டை, கீழ்முனையில் சிகரட் பெட்டியிலிருந்து எடுத்து நனைத்து உரித்த மெல்லிய வெள்ளித்தாள் இலைகள் இரண்டு. எங்கள் ஊரான சல்லியில் கடற்காற்று இருக்கும்வரை எந்த ஏற்றமும் நிலைக்காது, ஈரத்தில் கசிந்து போய்விடும். அதனால் கருவாட்டுக்குப் போடுகிற உப்பை வறுத்துப் போத்தலின் அடியில் கொட்டினேன். கருவாட்டில் ஈரத்தை இழுக்கிற உப்பு எனக்கும் இழுக்கட்டுமே. வியாழக்கிழமை பின்னேரம் சீப்பைத் தலைமயிரில் தேய்த்து உருண்டையில் தொட்டேன். இலைகள் இரண்டும் விலகி நின்றன. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

போத்தல், கம்பி, மெழுகு, வெள்ளைத் தூள். இது ஒரு ஆமிக்காரனின் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று அந்தப் பெரிய விஞ்ஞானிக்குத் தோன்றவேயில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஓடவில்லை. அண்ணன் கதிரவேல் என்னைச் சைக்கிளில் ஏற்றினான். அவன் ஒன்பதாம் வகுப்போடு நின்று, அப்பா போனபிறகு தோணியைப் பொறுப்பெடுத்தவன். நான் பொழுது விடிந்தால் அவனை மோடன் என்பேன், மூளையில்லாதவன் என்று. வலைக்கணக்குப் பிழைத்தாலும் மோடன், தேத்தண்ணிக்குச் சீனி கூடினாலும் மோடன். அவனுக்குக் கோபம் வராது. படிச்ச பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சிரிப்பான்.

சென்றியில் பெண்களைத் தனியாக ஒரு தட்டிக்குப் பின்னால் சோதித்தார்கள். போத்தலை அண்ணனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் இருந்தது. சென்றியில் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லவேண்டும். மீன். உப்பு. மருந்து. இரண்டாவது சொல் மூன்றாவது கேள்வியைக் கொண்டுவரும், மூன்றாவது கேள்வி ஆளைக் கொண்டுபோகும். கையில் என்ன என்று கேட்டதற்கு அண்ணன் போத்தலில் ஒட்டியிருந்த மாங்காய்ப் படத்தைப் பார்த்து ஊறுகாய் என்றான்.

சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது அவன் சரளைக் கல்லில் முழங்காலில் நின்றான். கை இரண்டும் தலைக்குப் பின்னால். பிடரியில் ஒருவன் துவக்கு முனையை வைத்திருந்தான். போத்தல் மண்மூடைமேல் தனியாக இருந்தது, மற்றவர்களையெல்லாம் தூரத் தள்ளியிருந்தார்கள். அவர்கள் சிங்களத்தில் கத்தியதில் குண்டு என்று பொருள்படும் ‘பொம்பய’ என்ற ஒரு சொல் விளங்கியது. அது எந்தப் பாஷைக்காரருக்கும் விளங்கும். போன மாதம் இதே இடத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன ஒருவனை அவனுடைய தாய் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். 

அது என்னுடையது, பள்ளிக்கூடத்துக்குச் செய்தது என்று கத்திக்கொண்டு போனேன். காவலரணுக்குள்ளிருந்து அவர்களின் அதிகாரி வந்தார். தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு இளம் சிப்பாய் அவர் கேட்டதை எனக்குச் சொன்னான். வெள்ளைத் தூள் என்ன? உப்பு என்றேன். தின்று காட்டச் சொன்னார். மெழுகு அடைப்பைக் கம்பியோடு மெதுவாகத் தூக்கி, விரலை விட்டு உப்பை எடுத்து நாக்கில் வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் தின்றேன்.

கம்பி எதற்கு என்பது அடுத்த கேள்வி. மின்காட்டி என்றேன், ஏற்றம் இருந்தால் இலை விரியும் என்றேன். விரித்துக் காட்டு என்றார்.

அடைப்பைத் திரும்பப் பொருத்தி, பையிலிருந்த சீப்பை எடுத்துத் தலையில் இழுத்து உருண்டையில் வைத்தேன். இலைகள் அசையவில்லை. திரும்ப இழுத்தேன். இல்லை. நேற்று விரிந்தது இன்றைக்கு ஏன் விரியாது? சீப்பு விரலில் வழுக்கியபோதுதான் பொறிதட்டியது. வெள்ளிக்கிழமை. தலை முழுகி எண்ணெய் வைக்காமல் அம்மா ஒருத்தரையும் படலை தாண்ட விடமாட்டா. என் தலையிலும் அண்ணன் தலையிலும் தேங்காய் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. எண்ணெய்த் தலையில் தேய்த்த சீப்பில் ஏற்றம் எங்கே வரும்? அம்மாவின் பக்தியை அந்த நேரத்தில் மனசாரத் திட்டினேன்.

எண்ணெய் படாத சீப்பும் எண்ணெய் இல்லாத தலையும் வேண்டும் என்றேன். இளம் சிப்பாய் தன் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிச் சீப்பைத் தந்தான். ஆனால் அவனுக்கும் மற்றவர்களுக்கும் தலை ஒட்ட வெட்டியிருந்தது. அங்கே சீப்புக்கு வேலை இருந்த தலை ஒன்றே ஒன்றுதான், அது அதிகாரியின் தொப்பிக்குக் கீழே இருந்தது. நான் கையைக் காட்டினேன். சிப்பாய் அதை மொழிபெயர்க்காமல் நின்றான்.

"சொல்லுங்கோ," என்றேன். "அவர்ர தலையாலதான் ஏலும்."

அவன் மெல்லச் சொன்னான்.  அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சீப்பை வாங்கித் தானே தலையை வாரினார். காய்ந்த மயிர் எழும்பி எழும்பி நின்றது. சிரிப்பு வருகிற காட்சிதான், ஆனால் அண்ணனின் பிடரியில் துவக்கு அப்படியே இருந்தது. சீப்பை வாங்கி உருண்டையில் இழுத்துத் தேய்த்தேன். இலைகள் விரிந்தன.

அவர் குனிந்து பார்த்தார். விரலால் உருண்டையைத் தொட்டார், இலைகள் விழுந்தன. திரும்பவும் தலை வாரினார், திரும்பவும் விரிந்தன. ஏன் என்று கேட்டார். எல்லாப் பொருளும் அணுவால் ஆனது, அணுவுக்குள் மறையேற்றமுள்ள இலத்திரன்கள் இருக்கின்றன, உங்கள் தலைமயிரிலிருந்து கொஞ்சம் சீப்புக்குத் தாவின, சீப்பிலிருந்து இலைகளுக்குப் போயின, இரண்டிலும் ஒரே ஏற்றம், அதனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்றேன். பரீட்சையில்கூட நான் இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. 

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். இளம் சிப்பாய் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னான்.

"போத்தல் சரி. ஆனா ஊறுகாய் இல்லை. இவன் பொய் சொன்னான். ஏன்?"

 இவ்வளவு நேரமும் நான் பாடுபட்டு நிரூபித்தது இதைத்தான். அது ஊறுகாய் இல்லை என்று கண்ணுக்கு முன்னால் செய்து காட்டியிருக்கிறேன்.

அண்ணனை இழுத்து எழுப்பிப் போத்தலின் முன்னால் நிறுத்தினார்கள். இது என்ன என்று அதிகாரி அவனிடமே கேட்டார். நான் சொன்ன அவ்வளவும் அவன் காதில் விழுந்திருக்கும். படி படி என்று நான் நச்சரித்தவனின் மண்டைக்குள் அந்த ஒரு நாள் மட்டும் ஒன்றும் ஏறியிருக்கக்கூடாது என்று சல்லி அம்மாளை மன்றாடினேன்.

அண்ணன் போத்தலைப் பார்த்தான். மாங்காய்ப் படத்தில் விரலை வைத்தான்.

"ஊறுகாய், சேர்."

அதிகாரி படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மோடயா," என்றார். சிங்களத்திலும் அது மோடன்தான். மற்றவர்களும் மோடயா, மோடயா என்று சிரித்தார்கள். ஒருவன் அவன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையில் ஒட்டிய எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்தான். அண்ணனும் சேர்ந்து சிரித்தான். போகச் சொன்னார்கள்.

 அண்ணனால் சைக்கிளை மிதிக்க முடியவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தான். சாரத்தில் முழங்கால் இருந்த இடம் சிவந்து நனைந்திருந்தது, காயத்தில் ஒட்டாமல் அதை மடித்துக் கட்டினான். சென்றி மறைந்தபிறகு, நான் சொன்னது கேட்கவில்லையா என்று கேட்டேன்.

"கேட்டது. ரெண்டாந்தரம் வேற பேர் சொன்னா முதல் சொன்னது பொய்யாப் போகுமே. ஒண்டும் தெரியாதவன் பொய் சொல்ல ஏலாது."

 நான் தினமும் கூசாமல் சொன்ன அந்தச் சொல்லை இன்னொருத்தன் வாயால் கேட்டபிறகு, அதை என் நாக்கில் வைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்றைக்குப் பிறகு நான் அதைச் சொன்னதில்லை. தெருவோரம் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் போத்தலை எறிந்துவிடக் கையை ஓங்கினேன். அவன் எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"எறியவோ நான் முழங்காலில நிண்டனான்?" அவனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அங்கால இன்னொரு சென்றி கிடக்கு. உதுக்குச் சரியான பேர் என்னெண்டு சொல்லு. ஒரு சொல்லில சொல்லு."

"மின்காட்டி."

"மின்காட்டி," என்றான். பிறகும் ஒருதரம் சொன்னான். போத்தலின் மாங்காய்ப் படத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்து எறிந்துவிட்டு, அதை என் கையில் தராமல் தானே பிடித்துக்கொண்டான். மற்றக் கையால் சைக்கிளைத் தள்ளினான். அவன் உதடுகள் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடி இருந்தன. வெயிலில் அடுத்த சென்றியின் மண்மூடைகள் தெரிந்தன. அண்ணன் சைக்கிளை இடுப்பில் சாய்த்துவிட்டு, குனிந்து சாரத்தை இறக்கிவிட்டான்.