பன்னிரண்டு மணிச் சங்கு

தலைமன்னார்த் துறையில் கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்கிய நாற்பது பேரையும் ஒரே கடதாசியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தோராம் வருஷம் அது. கொழும்புக் கந்தோர் உத்தியோகங்கள், மலைத் தோட்டங்கள், எங்கு பார்த்தாலும் ஆட்குறைப்பு. முத்துக்குளிப்போ ஆறு வருஷமாய் இல்லை. கந்தோர்க் கதவில் ஒட்டியிருந்ததை வாசித்துவிட்டு வந்த வலன்ரைன், "எடித், எங்கட சீட்டுக் கிழிஞ்சுபோச்சு" என்று கதிரையில் சரிந்தான்.

அவன் பெண்சாதி எடித் அழவில்லை. அழ நேரம் ஏது? வேறு வேலை கிடைக்காவிட்டால் அடம்பன் கிராமத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அண்ணன் தங்கமானவர். அண்ணி இருக்கிறாளே, சோறு ஒரு பிடி போட்டால் ஒன்பது நாள் சொல்லிக்காட்டுவாள். அந்த வாசலை மிதிக்க எடித்துக்கு மனமே இல்லை. ஆனாலும் வரக்கூடும் என்று அண்ணனுக்குக் காயிதம் எழுதிப் போட்டு, சட்டி பானைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, காலையில் புருஷனையும் கூட்டாளிகளையும் கலந்தர் சம்மாட்டியாரிடம் துரத்தினாள்.

கலந்தரிடம், கரையில் நின்று இரு பக்கக் கயிற்றாலும் இழுக்கும் பெரிய கரைவலை இருந்தது, இழுக்க ஆளில்லை. மாதச் சம்பளம் என்றதும் ஒருவர் மிச்சமில்லாமல் அவரை விட்டுத் துறைக்கு ஓடியவர்கள்தான் இந்த நாற்பது பேரும்.

"இப்பதான் கடல் கண்ணுக்குத் தெரியுதோ?" என்றார். வலன்ரைன் தலையைச் சொறிந்தான்.

"சரி, ஒரு தரம் வலையை இழுத்துக் காட்டுங்கோ. கரையேறுமட்டும் கயிற்றை விடாதவருக்குத்தான் பங்கு. நடுவில விட்டவருக்குச் செதிலும் இல்லை. எங்கட வாப்பா காலத்து வழக்கம்."

இரண்டு கயிற்றிலும் பிரிந்து நின்று இழுத்தார்கள். மத்தியானம் எடித்தும் மற்றப் பெண்களும் சோற்றோடு வந்தபோது வலை கரைக்குக் கிட்டே வந்துவிட்டது. உள்ளே மீன் துள்ளுவதைக் கண்டதும் எடித்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்துத் துறையில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

நாற்பது பேரும் கயிற்றைக் கீழே போட்டார்கள்! பதினைந்து வருஷப் பழக்கம், பாருங்கள். சங்கு கேட்டால் கை தானாக விட்டுவிடும். வலன்ரைன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "சோறு வந்திட்டுதோ?" என்று வேறு கேட்டான்.

"இஞ்சருங்கோ, கயிறு! கயிறு!"

கயிறு மணலில் சரசரவென்று கடலுக்குள் ஓடியது. எடித் சோற்றுப் பெட்டியை எறிந்துவிட்டுப் பாய்ந்து பிடித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது, அவள் விடவில்லை. "பிடியுங்கோடி!" என்ற சத்தத்தில் மற்றப் பெண்களும் இரண்டு கயிற்றிலும் போய் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆண்களுக்குப் புத்தி வந்தது. எல்லோருமாய் இழுக்க, வலை மீனோடு கரையேறியது.

கலந்தர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் பங்கு பிரிக்கும் நேரம் முகம் இறுகிவிட்டது.

"விட்டவருக்குச் செதிலும் இல்லை எண்டு சொன்னனான்."

நாற்பது தலைகளும் குனிந்தன. எடித்துக்கு அண்ணியின் முகம் கண்முன் வந்து நின்றது.

"பிடிச்சது பெண்டுகள். பங்கு முழுக்க அவையளுக்கு. முதல் பங்கு உங்களுக்குத்தான், தங்கச்சி."

"அப்ப எங்கட ஆக்கள்?"

"நாளைக்கும் வரட்டும். பன்னிரண்டு மணிக்கு நீங்களும் வந்து நில்லுங்கோ. நீங்கள் இல்லாட்டி எனக்கு இவையள் வேண்டாம்."

மீன் நிறைந்த கடகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வலன்ரைன் அவளுக்குப் பின்னால் நடந்தான்.

"அடம்பனுக்கு, உங்கட கொண்ணருக்கு, நாங்கள் வரேல்லை எண்டு காயிதம் போடவோ?"

"போடுங்கோ. கருவாடு அனுப்புறம் எண்டும் எழுதுங்கோ. அதை அண்ணிக்கெண்டு தனியா எழுதுங்கோ!"

வீட்டில், மூட்டைக்குள் இருந்த குழம்புச் சட்டி உடனே வேண்டியிருந்தது. எடித்தின் புண்பட்ட கைக்கு முடிச்சு அவிழவில்லை. வலன்ரைன் குந்தியிருந்து அதை அவிழ்த்தான்.