கையெழுத்திட ஆளில்லாத சபை

போதகர் இறந்து ஆறு மாதத்துக்குள் சபையார் புதியவரை அழைக்காவிட்டால், நியமிக்கும் உரிமை அக்கரை ஆயர் மன்றத்துக்குப் போய்விடும். இன்றோடு கெடு முடிகிறது. தீவுக்காரர்கள் கேட்பது தங்கள் தாய்மொழியான கேலிக்கில் பிரசங்கம் செய்யும் டூகல்டை. மன்றத்திடம் இருப்பதோ ஒரு வார்த்தை கேலிக் தெரியாத நகரத்துக்காரன்.

கோயில் நிரம்பியிருந்தது. ஆனால் திருவிருந்தில் அப்பம் எடுப்பவர்கள்தான் அழைப்புக் கடிதத்தில் கையெழுத்திட முடியும். இந்தத் தீவில் அப்பத்தை எடுக்க எல்லோருக்கும் நடுக்கம். தகுதியில்லாமல் உண்டால் தண்டனை என்று பயந்தே கிழடாகிப்போனவர்கள் அவர்கள். எடுத்தவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். அவ்வளவு குறைந்த கையெழுத்துள்ள அழைப்பை ஏற்கமாட்டோம் என்று மன்றம் முன்பே சொல்லிவிட்டது.

கல் குவாரியில் வேலை செய்யும் சபை மூப்பன் லாக்லன், மன்றம் அனுப்பிய தலைவரிடம் தனக்குத் தெரிந்த குவாரி ஆங்கிலத்தில் மன்றாடினான். இப்போதே வந்து விசுவாசத்தை அறிக்கை செய்பவர்களைச் சேர்த்துக்கொள்வதாக அவரும் இறங்கிவந்தார்.

லாக்லன் பெஞ்சு பெஞ்சாகப் போனான். ஒருவர் தன் குடிப்பழக்கத்தைக் காரணம் சொன்னார். இன்னொருத்தி அக்காளோடு பேசாததைச் சொன்னாள். அவனோடு கல் பிளக்கும் நீல் மட்டும் முணுமுணுத்தான்.

"உன் கெட்ட வாயத் தெரிஞ்சவன் நான். நீயே திருவிருந்து மேசைக்குப் போறியேன்னு எனக்கு ராத்திரியெல்லாம் பயம்டா."

கடைசியில் மனைவி மோரக்கின் அருகே குனிந்தான்.

"நீ எந்திரிச்சா பின்னாடியே பத்துப் பொம்பளைங்க வருவாங்க. வா மோரக். உன் கால்ல விழறேன்."

"புள்ள கடலோட போனன்னைக்கு நான் கடவுள என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியும்."

"அத தலைவர் கேக்கமாட்டாரு."

"கேக்காட்டியும் நான் சொல்லுவேன்ல."

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். வாழ்நாளில் அவளை அப்படி இழுத்ததில்லை. அவள் பெஞ்சைப் பற்றிக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் தலைகுனிந்தார்கள். அவன் கையை விட்டான்.

தலைவர் புத்தகத்தை மூடி, உரிமை மன்றத்துக்குப் போய்விட்டது என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். லாக்லன் அதைக் கேலிக்கில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் நீளமாக ஆங்கிலத்தில் ஜெபித்தார். மோரக் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"என்ன கேக்குறாரு?"

"நமக்கு ஒரு நல்ல போதகர் வேணும்னு," என்றான் லாக்லன்.

"ஆமென்," என்றாள் அவள்.