டீச்சர் தூங்கினால் வரும் காற்று

டீச்சர் தூங்கினால்தான் அந்தப் படகுக்குக் காற்று வரும், விழித்தால் நின்றுவிடும். பல் டாக்டருக்கு இது கடலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. டீச்சருக்குத் தெரிய ஆறு வருஷம் ஆனது.

ஒரு வருஷம் என்றுதான் பேச்சு. பல் டாக்டர் கிளினிக்கை விற்று ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, பெண்டாட்டிக்கு உலகத்தைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். கணக்கு டீச்சரான அவளும் பள்ளிக்கூடத்தில் விடுப்பு சொல்லிவிட்டு, மாசமாக இருந்த தங்கச்சியிடம் "குழந்தை நடக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லி ஏறினாள். படகில் குடித்தனம் என்பது கரையில் இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் சுகம். அடுப்பு ஊஞ்சலாடும். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் தேய்த்து நல்ல தண்ணீரில் ஒருமுறை காட்டி எடுக்க வேண்டும். தலையணை காய்ந்தது என்ற பேச்சே கிடையாது, வலைப்பையில் தொங்கும் வெங்காயம் தொங்கியபடியே முளைவிடும். இதையெல்லாம் செய்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. டாக்டர் சுக்கான் பிடித்தார். இன்ஜின் இரண்டாம் வருஷமே செத்தது, அதை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேலை முடித்து அவள் மேலே வந்தால் பாய் ஈரத்துணியாகத் துவண்டு தொங்கும். "நீ தலையக் காட்டினாலே காத்து நின்னுடுது, என்ன ராசியோ!" என்று சிரிப்பார். பட்டம் வாங்கிய பெண், அதையும் நம்பினாள். "கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கோ" என்று நாற்காலியில் சாய்ந்த நோயாளியிடம் சொல்லும் அதே குரலில் சொல்வார். அவள் கீழே போய்ப் படுத்துக்கொள்வாள்.

வீடு கிழக்கே இருந்தது. விடிந்து எழுந்தால் சூரியன் படகின் முதுகுப்பக்கம் இருக்கும். "வீட்டுப் பக்கம்தானே போறோம்?" என்றால், "நீரோட்டம்மா, சுத்தித்தான் போகணும்" என்பார். எழும்போதெல்லாம் கரை இன்னும் தூரமாகிக்கொண்டே போக, அவளுக்குத் தூக்கம் என்றாலே பயம் வந்தது. பயத்தில் கெட்ட கனவு வரும், கெட்ட கனவில் புயல் வரும், படகு ஒருக்களித்துப் படுக்கும். மேலிருந்து டாக்டர், "நல்லதா ஏதாவது நெனச்சுக்கிட்டுத் தூங்கேன்!" என்று கத்துவார். அதை அவள் பாசம் என்று நினைத்திருந்தாள். துறைமுகம் வரும்போது மட்டும் உயிர் வரும் போனில் தங்கச்சியின் மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பெரியம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள், பிறகு கேட்பதை விட்டாள்.

ஒரு துறைமுகத்தில் கயிற்றுக் கடைக்காரி, எந்தெந்தக் கடலெல்லாம் பார்த்தாய் என்று விசாரித்தாள். துறைமுகங்களைப் பார்த்திருப்பதாகவும், நடுவில் எல்லாம் தூங்கிவிடுவதாகவும் டீச்சர் சொன்னாள். "ஆறு வருஷமாவா? அதுக்கு உன்னை மூட்டையா கட்டிப் பார்சல்ல அனுப்பியிருக்கலாமேம்மா!" என்று கடைக்காரி வயிறு குலுங்கச் சிரித்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு முழம் கயிறு வாங்கிக்கொண்டு வந்தாள்.

கரை மறைந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு தூங்காமல் கிடந்தாள். காற்று வரவில்லை. டாக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். டீ போட்டார். பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கும் முன் கொடுக்கிற தூக்க மருந்தைச் சின்ன மூடியில் அளந்து அதில் ஊற்றியதை அவள் இமை இடுக்கில் பார்த்தாள்.

"டீ குடிச்சிட்டுப் படும்மா."

அவள் எழுந்து டீயை டம்ளரோடு ஜன்னல் வழியே கடலில் வீசினாள். "காத்து நான்தானா?"

அவர் மருந்து பாட்டிலை மூடி ஜேபியில் போட்டுக்கொண்டார்.

"என் ராசின்னு சொன்னீங்களே, ஆறு வருஷமா!"

"உண்மையச் சொன்னா நீ தூங்குவியா?"

அதன் பிறகு அவள் தூங்கவில்லை. கடல் கண்ணாடியாக உறைந்தது. வெயிலில் பலகைகள் வெடித்தன, குடிதண்ணீர் பீப்பாயைத் தட்டினால் வெறும் சத்தம்தான் வந்தது. இமை ஒட்டும்போதெல்லாம் பாய் சிலிர்க்கும், டாக்டரின் கை சுக்கானுக்குப் பாயும், அவள் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்வாள், பாய் துவளும். தூங்கினால் அவர் திருப்புகிற பக்கம், தூங்காவிட்டால் சாவு. காற்றாக இருக்கிறவளுக்குச் சுக்கான் கிடையாது என்பதுதான் அவளை நடுங்க வைத்தது.

"செத்துடுவோம். தூங்கு. சத்தியமா வீட்டுப் பக்கம் திருப்பறேன்" என்றார்.

அவருடைய சத்தியங்களை அவள் பார்த்திருக்கிறாள். கயிற்றை எடுத்து, சுக்கான் பிடியோடு தன் மணிக்கட்டைச் சேர்த்து, பல்லால் இழுத்து இறுக்கினாள். "நீங்க முன்னாடி போய் உக்காருங்க. இதைத் தொட்டா நான் முழிச்சுக்குவேன். அப்புறம் தூங்கவே மாட்டேன்."

உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பாய் புடைத்தது. தூக்கத்திலும் அவள் கை திரும்ப வேண்டிய பக்கம் திரும்பியது, படகு தன் நிழலைப் பின்னே விட்டு உதயத்தை நோக்கிப் போனது. எப்போதாவது அவள் தூக்கத்தில் முனகினால் அலை படகுக்கு மேலே எழும். டாக்டர் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு, இருமல் வந்தாலும் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

இப்படித்தான் அவர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். பாதியில் விழித்துவிட்டால் காற்று நின்றுவிடும் என்று அவர் உதட்டில் விரல் வைத்துச் சைகை காட்டியதில் துறைமுகமே சத்தம் போடாமல் நின்றது. முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி தன் வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தங்கச்சி படகுக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டிய பிறகுதான் அக்காவின் தோளைத் தொட்டாள். "வந்துட்ட. எழுந்திரு." பாய் துவண்டது. வேடிக்கை பார்த்தவர்களிடம் தங்கச்சி சொன்னாள்: "இது என்ன அதிசயம்? எங்க அம்மா துணி துவைக்கிற நாள்ல இவளைத்தான் போய்ப் படுன்னு விரட்டுவாங்க."

இப்போது தங்கச்சியின் தெருவில் துணி சீக்கிரம் காய்கிறது. படகு கட்டிய இடத்திலேயே நிற்கிறது. பல் டாக்டர் அதில்தான் இருக்கிறார், காற்றுக்காக.